பொன்செல்வி ஒருமுறைதான் சொல்வாள்

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் மூன்றைத் தவறாமல் தொலைப்பார்கள்: மூக்குக்கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, மாமனார். முதல் இரண்டும் திரும்பக் கிடைக்காது. மூன்றாவதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது பொன்செல்வியின் வேலை.

பேரருவிக்கு எதிரே ஒரு தகரக்கூரை அறை, ஒரு மைக், ஒரு ஸ்டூல். ஆறு சீசனாக அங்கேதான் இருக்கிறாள். “ராயகிரி வல்லிநாயகம் அவர்களே, உங்கள் மருமகன் அறிவிப்பு அறையில் கோபமாகக் காத்திருக்கிறார்” என்று இழுக்காமல், குழையாமல் சொல்வாள். வெள்ளம் பெருகி, தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் மட்டும் குரல் மாறும். “எல்லாரும் வெளியே வாங்க.” ஒரு நிமிஷத்தில் ஆயிரம் பேர் ஈரத்தோடு வெளியே நிற்பார்கள். எங்கள் தென்காசிப் பக்கத்தில் வேறு யார் சொல்லியும் ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அப்படிப்பட்டவளுக்குத்தான் விமானக் கம்பெனியிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. வேலை, ரேடியோ ஆபரேட்டர். வருகிற விமானத்தோடு கம்பெனியின் ரேடியோவில் பேசி, எந்த ஸ்டாண்டில், அதாவது எந்த இடத்தில், நிறுத்தவேண்டும், யாருக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்றெல்லாம் கேட்டும் சொல்லியும் முடிக்கவேண்டும். பி.எஸ்சி. பௌதிகம் முடித்து, இரண்டாவது முயற்சியில் ரேடியோ லைசென்ஸும் வாங்கி மூன்று வருஷமாகிறது. இதற்கு முன் இரண்டு கம்பெனிகள் ‘தெரிவிக்கிறோம்’ என்றன, இன்னும் தெரிவிக்கவில்லை. சுந்தரபாண்டியபுரத்து வயலில் நிற்கும் சூரியகாந்திப் பூவுக்குக்கூட மனு போடாமலே சினிமாவில் வேலை கிடைக்கிறது. பொன்செல்விக்கு அந்த யோகம் இல்லை. இந்த வேலைக்கு வயது வரம்பு இருபத்தெட்டு. புரட்டாசியில் அவளுக்கு அது தாண்டுகிறது. இது போனால் ரேடியோவும் போச்சு.

பத்து நாள் இருந்தது. பயிற்சிக்கு ஒரு பைலட் வேண்டும். பக்கத்துக் கடையில் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் ஹைருன் பீவியைப் பிடித்தாள். பீவியின் வீட்டுக்காரர் சவூதியில், தமாமில் இருக்கிறார். விமானம் ஏற்றிவிட்டு, இறங்கும்போது கூப்பிட்டு வந்த அனுபவம் பீவிக்கு இருபது வருஷம்.

“நான் சொல்லுத நம்பரை அப்படியே திருப்பிச் சொல்லணும்க்கா. அவ்வளவுதான்” என்று விளக்கினாள் பொன்செல்வி. பிறகு கையை மைக் போல வாயருகே வைத்துக்கொண்டு, “ஸ்டாண்ட் டூ செவன்” என்றாள்.

“ஏன், டூ சிக்ஸ்ல என்ன வச்சிருக்க?”

“யக்கா, பைலட் கேள்வி கேக்கப்பிடாது.”

“பெட்ரோல் போட்டு ஓட்டிக்கிட்டு வாரவ கேக்கப்பிடாதாட்டி? நெழலு பாத்துக் குடு. வண்டி வெயில்ல நிக்கும்லா.”

மூன்றாம் நாளில் பீவி நம்பரைத் திருப்பிச் சொல்லப் பழகிவிட்டாள். பழகாதது பொன்செல்விதான். அவளுக்கு ஒரு வியாதி இருந்தது. எதையும் மூன்று தடவை சொல்வாள். “ஸ்டாண்ட் டூ செவன், ஸ்டாண்ட் டூ செவன், ஸ்டாண்ட் டூ செவன்.” அருவிக்கரை மைக்கில் வந்த வாய்ப்பழக்கம் அது. விமான ரேடியோவிலோ மூன்று தடவை சொல்வதற்கென்று தனிச் சொற்கள் இருக்கின்றன. அவை ‘ஆபத்து, காப்பாற்று’ ரகம். மற்றதெல்லாம் ஒருமுறைதான்.

வீட்டில் வேறொரு தொல்லை. அப்பா சிவனணைந்தபெருமாள், ஓய்வுபெற்ற ஏட்டு. காவல்துறை வயர்லெஸ்ஸில் முப்பது வருஷம் பேசியவர்.

“பேச்சு முடிஞ்சதும் ஓவர் போட்டியாட்டி? ஓவர் போடாட்டா எதிராளி வாயைப் பாத்துக்கிட்டு நிப்பாம்லா.”

“அங்க அதெல்லாம் இல்லப்பா.”

“அய்யா கூடவா இல்ல?”

“அய்யாவும் இல்ல.”

“மரியாதையில்லாத டிப்பார்ட்மெண்டு” என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். ஆனாலும் சென்னைக்கு ரயிலில் லோயர் பெர்த் போட்டுக் கொடுத்தது அவர்தான்.

தேர்வு அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் நரைமீசைக்காரர், முன்பு பைலட்டாக இருந்தவர். அவருக்கு வலப்பக்கம் ஓர் அம்மாள். மூன்றாமவர் வாயைத் திறக்கவே இல்லை. எல்லாத் தேர்விலும் அப்படி ஒருவர் இருப்பார். ஹெட்செட்டை மாட்டச் சொன்னார்கள். காதுக்குள் இன்ஜின் இரைச்சல், நடுவே பாதி கேட்டும் பாதி கேட்காமலும் ஒரு குரல். மற்றவர்கள் முகத்தைச் சுளிக்கிற இடம் அது. பொன்செல்விக்கு அப்பாடா என்றிருந்தது. அருவிக்கு முன்னால் இதெல்லாம் ஓர் இரைச்சலா?

கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். ஆல்ஃபா, பிராவோ என்று ரேடியோ எழுத்துகளைப் பிசகாமல் சொன்னாள். விமானத்துக்கு நிறுத்துமிடம் சொல்கிற கட்டம் வந்தது. “ஸ்டாண்ட் ஒன் சிக்ஸ், ஸ்டாண்ட் ஒன் சிக்ஸ், ஸ்டாண்ட் ஒன் சிக்ஸ்.”

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. மூன்றாமவர் முதல்முறையாக எதையோ எழுதினார்.

“எதற்கு மூன்று தடவை?” அம்மாள் தமிழிலேயே கேட்டாள்.

புழுகலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். வரவில்லை.

“குற்றாலத்துல அருவிக்கரை மைக்குல வேலை பாக்கேன் மேடம். அங்க மொதத் தடவை சொன்னா காதுல விழாது. ரெண்டாவது சொன்னா அடுத்தவனுக்குன்னு நெனப்பாங்க. மூணாவது சொன்னாத்தான் துண்டை எடுப்பாங்க. பழக்கமாயிட்டு. இங்க அது தப்பு. இன்னொரு தடவை குடுங்க, ஒருதடவைதான் சொல்லுவேன்.”

அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. நரைமீசைக்குச் சிரிப்பு வரவில்லை. அவரே பைலட்டாக இருக்கப்போவதாகச் சொல்லி, மைக்கை எடுத்தார்.

“ஸ்டாண்ட் ஒன் சிக்ஸ்” என்றாள் பொன்செல்வி. ஒரே தடவை. நாக்கு அடுத்ததற்குத் தயாராகத் துள்ளியது; பல்லைக் கடித்து அடக்கினாள்.

“ஸ்டாண்ட் டூ சிக்ஸ்” என்று திருப்பிச் சொன்னார் அவர்.

எதிரே இருப்பது வேலை தருகிற மனிதர். தப்பு அவருடையது. “தவறு. ஸ்டாண்ட் ஒன் சிக்ஸ்” என்றாள்.

“அதைத்தானே சொன்னேன்? டூ சிக்ஸ்!” குரலில் எரிச்சல் ஏறியிருந்தது.

“தவறு. ஸ்டாண்ட் ஒன் சிக்ஸ்.”

“கேட்டது, கேட்டது.”

இவ்வளவோடு விட்டிருந்தால் மரியாதையான பெண் என்று பெயர் வாங்கியிருக்கலாம். பொன்செல்வி விடவில்லை. “நம்பரைத் திருப்பிச் சொல்லுங்கள்” என்றாள், குரலைக் கூட்டாமல், குறைக்காமல். அவள் காத்திருந்தாள்.

“ஸ்டாண்ட் ஒன் சிக்ஸ்” என்றார் அவர்.

“சரி.”

நரைமீசை ஹெட்செட்டைக் கழற்றினார். காலையிலிருந்து வந்தவர்களில் ஏழு பேர் இரண்டாம் தடவையே ‘ஸாரி ஸார்’ சொல்லி அவரை இருபத்தாறில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்களாம். “அங்கே ஏற்கெனவே ஒரு விமானம் நிற்கிறது” என்றார். “என் மேல் உனக்குப் பயமில்லையா?”

“இருக்கு ஸார்” என்றாள். “ஆனா கேட்டுச்சு கேட்டுச்சுன்னு சொல்லுதவுகதான் ஸார் தண்ணிக்குள்ளயே நிப்பாவ.”

சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். இரண்டே பெயர்கள். அதில் ஒன்று தகப்பன் பெயரோடு ஒன்றரை வரிக்கு ஓடியது. உடனே சேரவேண்டும், திங்கட்கிழமை வர முடியுமா என்று அம்மாள் கேட்டாள். மூன்று வருஷம் காத்திருந்தவள் தலையாட்டியிருக்க வேண்டும்.

“வியாழக்கிழமை ஆடி அமாவாசை மேடம். அருவிக்கரையில கூட்டம் நெரியும். மைக்குக்கு இன்னும் ஆள் பழக்கல. வெள்ளிக்கிழமை வாரேன்.”

அம்மாள் நரைமீசையைப் பார்த்தாள். அவர் மூன்றாமவரைப் பார்த்தார். மூன்றாமவர்தான் பேனாவை மூடிவிட்டு, “வெள்ளிக்கிழமையே வரட்டும்” என்றார். வாய் இருந்திருக்கிறது.

வாசலுக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். கிடைத்ததைச் சொன்னாள், வெள்ளிக்கிழமையையும் சொன்னாள்.

“ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? வேலை குடுக்கவங்கிட்டயே நாள் கடத்துதியே! அவன் வேற ஆளைப் பாத்துட்டாம்னா என்ன செய்வ?” ஐந்து நிமிஷம் வைதார். பிறகு போனைச் சட்டைப்பைக்குள் போட்டார், அணைக்கத் தெரியாதவர். பைக்குள்ளிருந்து தெருவின் சத்தமும், யாரோ என்ன விசேஷம் அண்ணாச்சி என்று கேட்பதும், அப்பாவின் குரலும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டன.

“ஒண்ணுமில்ல வே. பிளேன் கம்பெனிக்காரன் திங்கக்கிழமை வாங்கன்னு கூப்பிட்டிருக்கான். எம்மவ, நேரமில்ல, வெள்ளிக்கிழமை பாப்பம்னு சொல்லிட்டா.”