என் எடைக்கு ஒற்றைப் பைசா

இதனை எழுதிவைக்க வேண்டிய தேவை சென்ற மாதம் நேர்ந்தது. திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனைப் பூங்காவில் மாலைதோறும் கூடும் முதியோரிடையே, நாட்டின் மிகச் சிறிய காசை இனியும் அடிக்க வேண்டுமா என்னும் பேச்சு எழுந்தது. ஐம்பது பைசாவைக் கடைக்காரர் தொடுவதில்லை. ஒரு ரூபாய் மீதி இருந்தால் மிட்டாயை நீட்டுகிறார்கள். அடிக்கும் செலவுக்கே காசின் மதிப்பு போதாது. ஆகவே நிறுத்திவிடலாம் என்றார், வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர். கூடாது என்றேன். காரணம் கேட்டார். சொல்லத் தொடங்கினேன், பாதியில் கொசுக்கள் வந்து கூட்டம் கலைந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ் கற்பித்தவள் இத்தகைய வழக்கை வாய்மொழிக்கு விட்டது தவறு. எனவே முழுமையாக எழுதித் தருகிறேன்.

எனக்கு இரண்டு அகவை நடந்தபோது கடுங்காய்ச்சல் கண்டது. அப்பா பூட்டுப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். அம்மா பூக்கடைக்குச் சரம் கட்டிக் கொடுத்தார். இருவர் ஈட்டியதும் மருத்துவருக்கே போயிற்று. அக்காய்ச்சலைப் பற்றி அம்மா பிற்காலத்தில் ஒரே ஒரு தொடர்தான் சொல்வார்: “தூக்குனா துணிதான்டி கையில இருந்துச்சு, உன்னயக் காணோம்.” அந்நாளில் அவர் முந்தானையில் எஞ்சியிருந்தது ஒற்றைப் பைசா. அதை மஞ்சள் துணியில் முடிந்து, குஜிலியம்பாறைப் பக்கம் தாம் பிறந்த ஊரின் அம்மனிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால், எட்டு வயது நிறையுமுன், இந்தக் காசாலேயே எடைக்கு எடை தருவேன் என்பது வேண்டுதல்.

கணக்கில் குறையில்லை. இருப்பதிலேயே சிறிய காசு; வெண்கலம் என்பதால் கையில் வைத்தால் கனம் தெரியும். குழந்தையோ துணியளவு. ஆனால் வேண்டுதல் நடந்த சில ஆண்டுகளில் அரசு ஒற்றைப் பைசாவை அலுமினியத்தில் அடிக்கத் தொடங்கியது. புதுக்காசு பழையதில் ஏறத்தாழப் பாதி எடை. பழைய காசுகள் கண்ணிலிருந்து மறைந்தன. பட்டறை உலைகள் அவற்றை விழுங்கிவிட்டன என்று ஊரில் பேச்சு. அப்பாவிடம் கேட்டால் இருமுவார். காசு எடையில் பாதியாயிற்று. நான் வளர்ந்து இரு மடங்கானேன். நேர்த்திக்கடன் நான்கு மடங்காக எழுந்து நின்றது.

தாய்மாமன் அம்மாவுக்கு இளையவர்; எதற்கும் குறுக்கு வழி வைத்திருப்பவர்.

“ஏக்கா, வெல்லம் குடுப்போம். ஆத்தா வேணாம்னா சொல்லப் போறா?”

“இந்தக் காசுன்னு சொல்லிருக்கேன்.”

“அப்பப் பழைய ஆணிய அடியில போட்டு, மேலாக்க காசப் பரப்பிருவோம்.”

“ஆத்தா மேல இருந்து பாக்குறா, அடி தெரியாதுங்கிறியா?” என்றார் அம்மா, பூவிலிருந்து கண்ணெடுக்காமல்.

அம்மா தம் கூலியை ஒற்றைப் பைசாவாகவே தருமாறு பூக்கடைக்காரரிடம் கேட்டார். அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அலுமினியக் காசை அப்போதே கடைகளில் முகம் சுளித்துத்தான் வாங்கினார்கள். அதைக் கழித்துவிட ஆள் கிடைத்தால் கசக்குமா? அண்டை அயலாரும் தம் வீட்டுக் காசுகளைக் கொண்டுவந்து மாற்றிச் சென்றனர். ஆண்டுகள் சென்றன. கட்டிலடியில் இருந்த சாக்கு மெல்லப் பருத்தது. புத்தாடை இல்லாத தீபாவளியும் ஒன்று கழிந்தது. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது விறகுக்கடைத் தராசில் என்னையும் சாக்கையும் மாறி மாறி ஏற்றிப் பார்த்தார் அம்மா. இன்னும் மூன்று மாதக் கூலி போதும் என்று தெரிந்தது. எட்டு வயது நிறைய அதற்கு மேல் நாளும் இல்லை.

குறித்த நாளில் அம்மா, மாமா, நான், சாக்கு என நால்வராகப் பேருந்தேறினோம். அப்பாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

“மூட்டைல என்னக்கா?” என்றார் நடத்துநர்.

“காசு.”

அவர் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். “அம்புட்டும் ஒரு பைசாவா? சில்லற இல்லாம காலையில இருந்து வசவு வாங்கிக்கிட்டுக் கெடக்கேன். ஒரு பத்து ரூபாய்க்கு மாத்தி விடுங்கக்கா, புண்ணியமாப் போகும்.”

“ஒரு காசு தர ஏலாதுப்பா.”

“அப்ப மூட்டைக்கும் டிக்கெட் போடுவேன்.”

“போட்டுக்க.”

போட்டார். மாமா தலையில் கைவைத்துக்கொண்டார்.

மாமாவிடம் வேறொரு திட்டமும் இருந்தது. முடியிறக்கிய பின்பே என்னைத் தராசில் ஏற்ற வேண்டும். அதுவரை பச்சைத் தண்ணீரும் கூடாது. ஊர் சேர்ந்ததும் உறவினர் வீட்டில் இட்டிலி வைத்தார்கள். கழித்தல் கணக்கை நான் அப்போதுதான் கற்றிருந்தேன். மாமாவின் கருத்து எனக்கு மிகத் தெளிவாக விளங்கியது. இரண்டோடு எழுந்தேன். அம்மா என் தோளைப் பிடித்து அமர்த்தி மூன்றாவதை வைத்தார்.

“மாமா வேணாம்னாரு.”

“மாமா கெடக்கான். தின்னு.”

கோயில் மண்டபத்தில் மரத்துலாக் கட்டியிருந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்துடன் ஒரு தட்டில் அமர்ந்தேன். மறுதட்டில் மஞ்சள் முடிச்சை அவிழ்த்து முதற்காசை வைத்தார் அம்மா. அதன்மேல் மாமா சாக்கைக் கவிழ்த்தார். கடைசிக் காசு விழுந்து ஓசை அடங்கியது. என் தட்டு தரையை விட்டு எழவில்லை.

சுற்றி நின்றோர் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. அதைவிடத் துன்பமாக, குனிந்து என் தட்டின் அடியைப் பார்த்தார்கள்.

“மிச்சத்துக்கு ஒரு கை உப்பு வச்சிருவோம் தாயி, ஒத்துக்கிருவா” என்றார் பூசாரி.

“பிள்ள கொலுசக் கழட்டுக்கா, சரியாப் போகும்” என்றார் மாமா.

“பிள்ளைய எறக்காதீங்க, செத்த நேரம் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, திரும்பும் பயணத்துக்கு வைத்திருந்த ரூபாய்த் தாள்களுடன் அம்மா வெளியே நடந்தார். நான் அமர்ந்திருந்த இடத்திலிருந்து வாயில் தெரிந்தது. கடைகளின் பக்கம் அவர் திரும்பவில்லை. இரப்போர் வரிசையின் முன் குந்தியமர்ந்து, தாள்களை நீட்டி முந்தானையை விரித்தார். அவர்களுள் ஒரு பெண்மணி, மூடியில்லாத பால்மாவு டப்பாவை அப்படியே கவிழ்த்ததைக் கண்டேன். அவர் சொன்னது மண்டபம் வரை கேட்டது: “இதக் குடுத்தா டீக்கடக்காரன் மூஞ்சியத் திருப்பிக்கிறான். நீதான் கேட்டு வந்துருக்க. அள்ளிக்க தாயி.”

முந்தானைக் காசுகளை அம்மா சிறுகச் சிறுகத் தட்டில் இட்டார். தட்டு அசைந்தது, என் கால்கள் தரையை விட்டன, துலாக்கோல் நேர்நின்றது. மாமாதான் முதலில் கும்பிட்டார். திரும்பும் பேருந்துக்கும் அவரே கொடுத்தார். திண்டுக்கல் வரும்வரை அதைச் சொல்லிக்கொண்டும் வந்தார்.

இனி நண்பருக்கு என் மறுமொழி. கடைக்காரர் வெறுத்த காசைப் பேருந்து நடத்துநர் கெஞ்சிக் கேட்டார்; இரப்போர் கையில் விழுந்ததோ அதுவன்றி வேறில்லை. மிகச் சிறிய காசை நிறுத்தினால் அதற்கடுத்தது மிகச் சிறியதாகும். கோயில் வாயிலில் இதுவரை சிறியதை இட்டவர் இனி அடுத்ததை இடுவார் என்பதற்கு நண்பரிடம் உறுதி உண்டா? கையில் அதுமட்டுமே உள்ள ஒரு தாய் எதைக் காட்டி வேண்டிக்கொள்வாள்? அடிக்கும் செலவை நாடு ஏற்கட்டும். பூங்காவில் அனைவரும் ஒருபுறம் நின்றாலும் நான் மறுபுறம் நிற்பேன்.

அன்று எனக்கு விளங்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சாக்கு தீர்ந்தும் தட்டு எழாதபோது, குற்றம் என்னுடையது என்றே நினைத்தேன். மூன்றாவது இட்டிலியை எண்ணி நாணினேன். மூச்சை அடக்கினேன்; எடை குறையும் என்று நம்பிக் கால்களை மடியோடு சேர்த்துக் குறுக்கிக்கொண்டேன். அண்ணாந்து பார்த்தால், ஊரே பார்த்திருக்க, ஆண்டுக்கணக்கில் சேர்த்தது போதாமல் நின்ற அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். வெளியே போகுமுன் என் தோளில் கைவைத்துச் சொன்னார்: “எதுக்குடி ஒடுங்குற? நல்லா அழுத்தி உக்காரு.” அம்மாவுக்குக் கணக்கு வராது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

காசுகளின் எடையையும், மாற்றம் நேர்ந்த முறையையும் நினைவிலிருந்தே எழுதியுள்ளேன். உலைகளைப் பற்றிய செய்தி வெறும் ஊர்ப்பேச்சாகவும் இருக்கலாம். பிழை கண்டோர் தயங்காமல் எழுதித் திருத்துக, நன்றியுடன் ஏற்பேன். அம்மா சிரித்ததற்கு மட்டும் திருத்தம் வேண்டா. அதை நான் பார்த்தேன்.