ராகு காலம் பார்த்தேன், மதகு பார்க்கவில்லை: சாந்த்ராகாச்சியிலிருந்து சால்ட் லேக் வரை

போன ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, என் பேத்தி தாரிணி முதல் முறையாக மேடையேறிப் பேசினாள். கடல் மட்டம் உயர உயரக் கல்கத்தா மழைநீரை எப்படி வெளியேற்றப் போகிறது என்பது தலைப்பு. இடம் சால்ட் லேக், செக்டர் ஃபைவ், மாலை நான்கு மணி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவளோ இந்த ஊரின் சாக்கடையை எல்லாம் படித்துப் பட்டம் வாங்கியவள். முன்வரிசையில் உட்காருவேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். எங்கள் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லார் வீட்டிலும் சொல்லியாகிவிட்டது. போகாமல் திரும்பினால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

காலையிலேயே கிளம்பிப் போனவள் வாசலில் நின்று சொன்னாள்: "பாட்டி, பதினொண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் ஆத்துல ஏத்தம், கடல் தண்ணி ஏறி வரும். மதகை மூடிடுவா. அப்போ மழை பேஞ்சா தண்ணி ஊருக்குள்ளயே நிக்கும். ரெண்டு மணிக்குக் கிளம்பி மெட்ரோல வா."

இரண்டு மணிக்கா! வியாழன் ஒன்றரை முதல் மூன்று ராகு காலம். தவிர, மெட்ரோ ஆற்றுக்கு அடியில் போகிறது. மழைக்காலத்தில் ஆற்றுக்கு மேலே போவதுதானே புத்திசாலித்தனம்? நாட்காட்டியில் நல்ல நேரம் பத்தரை என்று போட்டிருந்தது. சரியாகப் பத்தரைக்குப் பஸ் ஏறினேன். தர்மதலா வரை பத்து கிலோமீட்டர், இருபது ரூபாய். ஆற்றைக் கடக்கும் இரண்டாம் பாலத்தில் ஜன்னல் சீட். கீழே ஆறு கரை தொட்டு நின்றது. அழகாக இருக்கிறதே என்று ரசித்தேன். அதுதான் தாரிணி சொன்ன ஏற்றம் என்று உறைக்கவில்லை.

தர்மதலாவில் இறங்கும்போது மழை கொட்டியது. மஞ்சள் டாக்சி பிடித்தேன். காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பதினொன்று ஐம்பதுக்கு வண்டி இருமி, விக்கி, நின்றது. மீட்டரில் எண்பது ரூபாய்.

"என்னப்பா ஆச்சு?"

"மாஷிமா, இதுக்கு மேல போகணும்னா படகுதான்" என்று டிரைவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் பேன்ட்டை மடித்தார். முழங்கால் தண்ணீர்.

எதிரே ஷிபானி என்ற பெண்ணின் டீக்கடை. உள்ளே போனால் ஆச்சரியம்: பெஞ்சு, ஃப்ரிட்ஜ், கட்டில் எல்லாம் செங்கல் அடுக்கின் மேல். கேஸ் சிலிண்டரை மிதந்து போகாதபடி ஜன்னல் கம்பியோடு சங்கிலியால் கட்டியிருந்தாள். பிளக் பாயின்ட் என் தலைக்கு மேலே. வாசலில் முட்டி உயரத்துக்குத் தடுப்புச் சுவர். ஏறித் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

"வருஷா வருஷம் ரோட்டை ஏத்துறாங்க மாஷிமா. ரோடு மேல போகுது, கடை கீழ போகுது. போன வருஷம் கட்டிலுக்கு ரெண்டு செங்கல், இப்ப மூணு" என்றாள் ஷிபானி.

"இப்படியே போனா கூரை இடிக்குமே?"

"அப்புறம் படுத்துக்கிட்டே டீ போடுவேன்."

நான்கு மணிக்குப் பேத்தி மேடையில் பேசப்போவதைச் சொல்லி, தண்ணீர் எப்போது வடியும் என்று கேட்டேன். சுவரில் தொங்கிய வங்காளப் பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். அதில் நல்ல நேரம், கெட்ட நேரம், கூடவே ஆற்றின் ஏற்ற இறக்க நேரம்! "ரெண்டு மணிக்கு மதகு திறக்கும். வாசப்படியில மூணாவது செங்கல் தெரிஞ்சா ரிக்‌ஷா வரும்."

தாரிணி சொன்ன அதே இரண்டு மணி. டீயை வாங்கிக்கொண்டு வாசப்படியைப் பார்த்து உட்கார்ந்தேன்.

இரண்டே முக்காலுக்கு மூன்றாவது செங்கல் தலைகாட்டியது. கைரிக்‌ஷாவும் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. "மூணு மணி வரைக்கும் ராகு காலம்மா, கால் மணி பொறுத்துக்கிறேன்."

ஷிபானி கரண்டியால் வானத்தைக் காட்டினாள். மறுபடி கறுத்திருந்தது. "மூணு ஆனா எங்களுக்குப் பார்பேலா. வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஆகாத நேரம்தான். உங்க கெட்ட நேரம் முடியற இடத்துல எங்களுது ஆரம்பிக்குது. பேத்தி பேசறதைக் கேட்கணுமா, வேணாமா?"

ராகுவை மனதுக்குள் கும்பிட்டுவிட்டு ஏறினேன். சியால்தா வரை நூறு ரூபாய், அரை மணி நேரம். அங்கிருந்து வேறு வழியில்லாமல் மெட்ரோ. இருபது ரூபாய், இருபது நிமிடம், ஏசி. இந்தத் துண்டு ஆற்றுக்கு அடியில் போகவில்லை என்று பக்கத்து சீட்காரரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஸ்டேஷனிலிருந்து சேற்றில் தட்டுத்தடுமாறி நடந்து, நான்கு ஐந்துக்கு ஹால் கதவைத் தள்ளினேன். முழங்கால் வரை சேறு. மேடையில் தாரிணி. பின்னால் திரையில் ஆற்றின் படம். "ஆத்து ஏத்தம் பார்க்காமக் கிளம்பறவங்கதான் நடுவழியில் மாட்டறாங்க" என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவு எனக்குப் புரியும். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். முதல் வரிசையில் ஒரே ஒரு நாற்காலி காலி. அதில் அவள் கைப்பை இருந்தது.

"உதாரணம் வந்துட்டாங்க. என் பாட்டி" என்றாள்.

ஹாலே சிரித்தது. நானும் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மழைக்காலத்தில் வருகிறவர்களுக்கு: சாந்த்ராகாச்சியிலிருந்து ஹவுரா வரை லோக்கல், அங்கிருந்து நேரே செக்டர் ஃபைவ் மெட்ரோ. ஆற்றுக்கு அடியில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டேன். ரப்பர் செருப்பு போடுங்கள். தண்ணீருக்குள் தெரியாத இடத்தில் கால் வைக்காதீர்கள்.

இப்போது எங்கள் நாட்காட்டியில் ராகு காலத்துக்குப் பக்கத்தில் தாரிணி சிவப்பு மையில் மதகு நேரம் எழுதுகிறாள். இரண்டும் மோதும் நாளில் மதகு சொல்வதைத்தான் கேட்கிறேன். ராகுவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். மதகு அதெல்லாம் கேட்காது.