யார் போட்ட ஊசி

இதை நம்புங்கள் என்று யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. என் உடம்பில் நடந்தது இது. அந்த மத்தியானத்தின் ஒவ்வொரு நிமிடமும் எனக்கு நினைவிருக்கிறது. ஏனென்றால் என் கையில் இருந்த மெஷின் நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தது.

ஆமாம், மத்தியானம். பேய்க்கு இருட்டினால்தான் வேலை என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள்.

எனக்குப் பதினோரு வயதில் சர்க்கரை வியாதி வந்தது. மாத்திரையால் அடங்குகிற வகை இல்லை. தினமும் நாலு வேளை இன்சுலின் போட்டாக வேண்டும். இப்போது முப்பத்தொன்று. பேக்கிங் மெஷின் பழுது பார்ப்பது என் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். எங்கே போனாலும் ஒரு நீலப் பை கூடவே வரும். அதில் இரண்டு இன்சுலின் பேனா, ஊசிகள், விரலில் குத்தி சுகர் பார்க்கிற மெஷின், ஸ்ட்ரிப் டப்பா, சுகர் இறங்கினால் போட்டுக்கொள்ள குளுக்கோஸ் மாத்திரை, ஒரு ஜூஸ் பாக்கெட். எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. என் கணவர் அந்தப் பையைத்தான் 'தலைச்சன்' என்பார். ஊருக்குக் கிளம்பும்போது நான் சாப்பிட்டேனா என்று கேட்க மாட்டார். தலைச்சனை எடுத்துக்கொண்டாயா என்றுதான் கேட்பார்.

அந்த முறை போனது ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக்கு. பகலில் மெஷினை நிறுத்த விட மாட்டார்கள். அதனால் விடிய விடிய வேலை. காலை எட்டு மணிக்கு கேன்டீனில் சாப்பிட்டேன். புதுப் பேனாவைப் பிரித்து ஆறு யூனிட் போட்டேன். வயிற்றில்தான் போடுவேன், எப்போதும். மறுபடி ராத்திரி வேலை இருந்ததால் சூப்பர்வைசர் அங்கேயே தூங்கச் சொன்னார்.

துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி அறையைக் காட்டினாள். ஐம்பது வயதிருக்கும். அறை நடைபாதையின் கடைசியில் இருந்தது. ஒரு இரும்புக் கட்டில், ஒரு ஸ்டூல், சுவரில் வெள்ளைப் பெயின்ட் அடித்த காலி அலமாரி. ஜன்னல் இல்லை. கனமான இரும்புக் கதவு. போன் சிக்னல் சுத்தமாக இல்லை. யாரும் தங்குவதில்லை போல, தூசி படிந்திருந்தது. அக்கா துடைத்துவிட்டு, வாசலிலேயே நின்று போர்வையை நீட்டினாள். உள்ளே வந்து கட்டிலில் போடவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

9:30-க்கு சுகர் பார்த்தேன். 132. நல்ல அளவு. டூல் பாக்ஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, பையை ஸ்டூலில் வைத்து, ஜிப்பை மூடி, விளக்கை அணைத்துப் படுத்தேன்.

ஒரு வாசனையில்தான் விழிப்பு வந்தது. அதுவரை அறை முழுக்க பிஸ்கட் வேகும் மணம்தான் இருந்தது. இது வேறு. ஊசி போடுவதற்கு முன் பஞ்சில் நனைத்துத் தேய்ப்பார்களே... ஸ்பிரிட். அந்த நெடி. நான் ஸ்பிரிட் பயன்படுத்துவதே இல்லை.

வலது கை மோதிர விரல் சுள்ளென்று வலித்தது. விளக்கைப் போட்டேன். விரல் நுனியில் ஒரு ரத்தப் பொட்டு. அதன் மேல் ஒரு துளி பஞ்சு ஒட்டியிருந்தது.

இருபது வருடத்தில் நான் வலது கையில் குத்தியதே கிடையாது. ஸ்பானர் பிடிக்கிற கை அது.

ஸ்டூலில் மெஷின் வெளிச்சத்தோடு கிடந்தது. 12:20. சுகர் 74.

தூக்கக் கலக்கத்தில் நானே குத்திப் பார்த்திருப்பேன் என்று சமாதானம் செய்துகொண்டேன். எழுபத்து நாலு கொஞ்சம் குறைவுதான். மூன்று குளுக்கோஸ் மாத்திரை மென்றேன். பையை மூடப் போகும்போதுதான் பார்த்தேன், பேனாவின் முனையில் ஊசி மாட்டியிருந்தது. போட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றிவிடுவது என் வழக்கம். கை பழகிப்போன வேலை, மறக்காது.

கழற்றினேன். ஜிப்பை மூடினேன். விளக்கை அணைத்தேன்.

கண் சொருகிய நேரம் ஒரு சத்தம்.

டிக்... டிக்... டிக்... டிக்... டிக்.

ஐந்து. கடிகாரம் என்று நினைத்தேன். அறையில் கடிகாரம் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். என் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இன்சுலின் பேனாவின் தலையைத் திருகினால் ஒரு யூனிட்டுக்கு ஒரு டிக் வரும்.

எழுந்து விளக்கைப் போட்டேன்.

யாரும் இல்லை.

மெஷின்: 12:35. சுகர் 66. வலது நடுவிரலில் புதிய ரத்தம். பேனா என் தலையணை ஓரத்தில் கிடந்தது, ஊசியோடு. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். காலையில் பிரித்த பேனா. ஆறு யூனிட் போனதே தெரியக் கூடாது. ஆனால் மருந்து அரைக் கட்டத்துக்கு மேல் இறங்கியிருந்தது. அதிகப்படியாகப் பத்து யூனிட் போயிருக்கிறது. என் சட்டையின் வலது கை, தோளுக்குக் கீழே பின்பக்கம், ஈரமாக இருந்தது. தொட்டு முகர்ந்தேன். ஸ்பிரிட்.

சர்க்கரை இறங்கினால் மூளை குழம்பும், இல்லாததெல்லாம் தெரியும். இதைப் படிக்கும் டாக்டர்கள் சொல்லப் போவது எனக்குத் தெரியும். ஆனால் அறுபத்தாறில் எனக்குக் குழம்பாது. அறுபத்தாறில் நான் தேர்வு எழுதியிருக்கிறேன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுக்குப் போனேன். கைப்பிடி சுலபமாகக் கீழே இறங்கியது. பூட்டு விலகும் சத்தமும் கேட்டது. கதவு மட்டும் அசையவில்லை. அந்தப் பக்கம் யாரோ முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நிற்பதுபோல் இருந்தது. தள்ளினால் நூலிழை போகும்... பிறகு மெதுவாகத் திரும்பி வரும்.

தட்டினேன். கத்தினேன். வெளியே மெஷின்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நூறு பேர். லாரி லாரியாகச் சர்க்கரை. இந்தப் பக்கம் நான்... கையில் மிச்சம் ஏழு மாத்திரை.

ஏழையும் வாயில் போட்டேன். ஜூஸைக் குடித்தேன்.

பதினைந்து நிமிடம். அதை அப்போதுதான் கவனித்தேன். 12:20. 12:35. சுகர் இறங்கினால் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். யாரோ அதை அச்சுப் பிசகாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

போனைப் பார்த்தேன். 12:49.

டியூப் லைட் இரண்டு முறை சிமிட்டியது. அணைந்தது.

என் வலது கையை ஏதோ பிடித்தது.

ஐஸ் மாதிரி ஐந்து விரல்கள். முரட்டுத்தனம் இல்லை. பதமாக, பழகிய பிடி. ஆள்காட்டி விரலை நீவி, நுனிக்கு ரத்தத்தைக் கொண்டுவந்தது. கையை இழுத்தேன். வரவில்லை. குத்தியது. மெஷின் வெளிச்சம் எரிந்தது. 61 என்று என் கண்ணால் பார்த்தேன்.

காதுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குரல். வயதான குரல். அக்கறையான குரல்.

"ரொம்ப ஏறியிருக்கு."

டிக்... டிக்... டிக்... டிக்... டிக்.

"இல்ல... இறங்குது" என்றேன். "இறங்குதும்மா. போடாதீங்க."

"பயப்படாதே. சரியாயிடும்."

தோளுக்குக் கீழே ஸ்பிரிட்டின் குளிர்ச்சி. பிறகு எறும்பு கடித்ததுபோல் ஒன்று.

பிடி விட்டது. நான் அப்படியே கட்டிலில் சரிந்தேன். அது என்னைக் கொல்ல வரவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தது. மெஷினில் இருப்பதை அது வேறு எதுவாகவோ படித்தது. நான் மயங்க மயங்க, அது இன்னும் போடும். நான் செத்தாலும் பதினைந்து நிமிடம் கழித்துப் பார்க்கும்.

பேனாவைப் பையில் போட்டு மூடி, பைமேல் உட்கார்ந்தேன். போன் டார்ச்சைப் போட்டேன். வியர்வை கொட்டியது. உதடு மரத்துவிட்டது. மெஷின்கள் ஓடும் சத்தம் தூரமாகப் போய்ப் போய் வந்தது.

1:04.

எனக்குக் கீழே...

ஸ்ர்ர்ர்ர்...

ஜிப் திறந்தது. நான் உட்கார்ந்திருக்கும்போதே.

டார்ச் அணைந்தது.

1:05. மெஷின் வெளிச்சம். 52. "இன்னும் ஏறியிருக்கே" என்றது குரல். அதில் கவலை தெரிந்தது. ஐந்து டிக்.

அடுத்தது 1:20. எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அதைத் தாங்க மாட்டேன். பேனாவை ஒளித்துப் பயனில்லை. ஒரே ஒரு வழிதான் இருந்தது.

இருபது வருடம். பஸ்ஸில் தூங்கினாலும் மடியில் வைத்துக்கொண்டு தூங்கிய மருந்து. வெயில் படக் கூடாது, கீழே விழக் கூடாது. அது இல்லாமல் எனக்கு இரண்டு நாள் கிடையாது. வீடு நாலு மணி நேரத் தொலைவில்.

இருட்டில் தடவினேன். கட்டிலுக்கு அடியில் டூல் பாக்ஸ். பெரிய ஸ்பானர். இரண்டு பேனாவையும் பைக்குள் தள்ளினேன். பையைத் தரையில் வைத்தேன்.

விரல்கள் என் மணிக்கட்டைத் தொட்டன.

ஓங்கி அடித்தேன்.

கண்ணாடி நொறுங்கியது.

இன்னொரு அடி.

இன்னொன்று.

நெடி எழுந்தது... இன்சுலின் நெடி.

மணிக்கட்டிலிருந்த விரல்கள்... ஒவ்வொன்றாக... விலகின.

எனக்கு எதிரே, மிக அருகில், யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

அதன் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. 1:40-க்கு அக்கா தரையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது கதவு விரியத் திறந்திருந்ததாம். நான் வாசலில் குறுக்கே கிடந்தேனாம். பையை அணைத்துக்கொண்டு. ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து, உதட்டுக்குள் தடவியிருக்கிறாள். அதுதான் என்னைப் பிழைக்க வைத்தது என்றார் டாக்டர்.

மருத்துவமனையில் டாக்டர் நான் எத்தனை யூனிட் போட்டேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆறு என்றேன். அவர் நம்பவில்லை. நர்ஸை அழைத்து என் வலது கையின் பின்பக்கத்தைக் காட்டினார். நாலு ஊசித் தடம். ஒரே கோட்டில், ஒரு விரல் இடைவெளி விட்டு. பயிற்சி எடுத்தவர்கள்தான் இப்படிப் போடுவார்கள் என்றார் நர்ஸ். அந்த இடத்தில் சதையைப் பிடித்து நேர்கோட்டில் போட என் ஒற்றை இடது கையால் முடியாது. முடிகிறதா என்று நீங்களே உங்கள் கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவர் ராத்திரியே வந்து சேர்ந்தார். மருந்து வெயிலில் கெட்டுப்போய்விட்டது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். உடைத்ததை அவரிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. பையை நானே ஆஸ்பத்திரிக் குப்பையில் போட்டேன், திறக்காமல்.

பத்து நாள் கழித்து அக்காவுக்கு நன்றி சொல்லப் போன் செய்தேன். அவளுக்கு என்னிடம் பேசத் தயக்கம். நான் விடாமல் கேட்டதும் சொன்னாள். அந்த அறை முன்பு தொழிற்சாலையின் முதலுதவி அறை. வயதான நர்ஸ் ஒருவர் இருந்தார். கண்ணில் புரை. வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் மத்தியானம் ஒரு தொழிலாளியை மயக்கமாகக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், சர்க்கரை வியாதிக்காரர். மெஷினில் இருந்த எண்ணைத் தப்பாகப் படித்து, ஏறியிருக்கிறது என்று ஊசி போட்டார். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்து, இன்னொன்று போட்டார். அந்த ஆள் எழுந்திருக்கவே இல்லை.

நர்ஸ் எப்போது இறந்தார் என்று கேட்டேன்.



"சாகலைம்மா. உசிரோடதான் இருக்காங்க. அவங்க பொண்ணு வீட்ல. எனக்கு இந்த வேலை வாங்கிக் குடுத்ததே அவங்கதான், மாசம் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். நாலு வருஷமாப் படுத்த படுக்கை. பேச்சும் இல்ல."

போன வாரம் போயிருந்தாளாம். நர்ஸின் மகள் ஒரு விஷயம் சொல்லி அழுதாளாம். நான் அந்த அறையில் கிடந்த அதே நாள். மத்தியானம் ஒன்று இருபதுக்கு, நாலு வருடமாகப் புரண்டுகூடப் படுக்காத அம்மா, படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். தன் விரல்களைப் பார்த்தார். தெளிவாக மூன்று வார்த்தை பேசிவிட்டு மறுபடி படுத்துவிட்டார்.

"'ரெண்டையும் உடைச்சுட்டாளே, பாவி'ன்னாங்களாம்" என்றாள் அக்கா.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீ எதைம்மா உடைச்சே?"