பூவோடு சேர்த்துக் கொடுத்த ஹேர்பின்

இன்று காலை லிட்டில் இந்தியாவில் பூ வாங்க நின்றிருந்தேன்.

எனக்கு முன்னால் ஓர் இளம்பெண், தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். அடுத்த மாதக் கல்யாணத்துக்குச் சொல்லியிருந்த மாலைகள் வேண்டாம் என்றாள்.

“தேதி மாத்திட்டீங்களாம்மா?” பூக்காரம்மா கட்டுவதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தேதியே இல்ல ஆன்ட்டி. கீமோ போய்க்கிட்டிருக்கு. அவரு இப்பவே பண்ணிக்கலாம்னுதான் சொல்றாரு. போட்டோவுல மாப்பிள்ளைக்கு மட்டும் முடி இருந்தா நல்லாவா இருக்கும் லா?”

மணப்பெண்களை வெறுங்கையோடு அனுப்புவது பூக்காரம்மாவுக்கு வழக்கமில்லை. ஒரு முழம் மல்லிகையை நறுக்கி, ஹேர்பின் செருகி நீட்டினார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். ஹேர்பின்னை உருவப் போனார்.

“இருக்கட்டும், குடுங்க ஆன்ட்டி.”

பூவை வாங்கித் துணியிலேயே குத்திக்கொண்டு, கைப்பேசியில் பார்த்தாள்.

“சாயுதா?”

“கொஞ்சம் இடப்பக்கம்.”

சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

“உங்களுக்கு எத்தனை முழம்ணே?”

இன்று எங்கள் கல்யாண நாள். பூ வாங்காமலே திரும்பிவிட்டேன்.

வீட்டில் என்ன சொல்வது? மணமானவர்கள் யாராவது சொல்லுங்கள்.