கமராவுக்குக் கீழே ஒரு குட்டைக் கதிரை

நாவுலயில் மாணவர் சந்திப்பை முடித்துக்கொண்டு மாத்தளை பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தொலைபேசியைத் திறந்தேன். நிஸாம் நானாவின் மகள் பர்ஹானா காலையிலிருந்து அழைத்திருக்கிறாள். திருப்பி எடுத்ததும், "மிஸ், வாப்பா மௌத்தாகிட்டாங்க. சுபஹு தொழுதிட்டு வந்து சாஞ்சவங்கதான். அசருக்குப் பொறகு அடக்கம்" என்றாள். பக்கத்து இருக்கையில் ஒருவர் போஞ்சிப் பையை மடியில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அந்த பஸ்ஸில் நானாவைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸா புறப்பட்டுவிட்டது. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

எங்கள் பல்கலைக்கழகத்தின் மாத்தளை நிலையத்தில் பாடம் எடுத்த எவருக்கும் அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்திலும் கடையிலும் வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்காகத் தமிழில் காணொளிப் பாடங்கள் தயாரிக்கும் கலையகம் ஒன்று அங்கே இருக்கிறது. கலையகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பழைய களஞ்சிய அறை, ஒரு கமரா, இரண்டு விளக்குகள். படம்பிடிப்பது, ஒலி சேர்ப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாமே, எங்கள் எல்லோருக்கும் அண்ணன் முறையில் நானாவாக இருந்த நிஸாம் நானாதான். நான் அங்கே பௌதிகவியல் சொன்னேன். எனவே திரையில் தெரிவது என் முகம்.

முதல் நாள் அந்தக் கமராவைப் பார்த்து நான் பேசியது மரண அறிவித்தல் வாசித்தது மாதிரி இருந்தது. நானா நிறுத்தினார். மூலையில் கிடந்த ஒரு குட்டைக் கதிரையை இழுத்து வந்து கமராவுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தார். "கண்ணாடித் துண்டுக்கிட்ட யாரு மிஸ் பேசுவா? எனக்குச் செல்லுங்க" என்றார். அன்றிலிருந்து எல்லாப் பாடத்தையும் அவருக்குத்தான் சொன்னேன். அங்கே வந்த மற்ற விரிவுரையாளர்களும் அப்படித்தான்.

சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். நடுவில் விரலைத் தூக்குவார். "வெளங்கல்ல மிஸ். இன்னொரு தரம் செல்லுங்க." நான் வேறு விதமாகச் சொல்வேன். பிறகு தொகுக்கும்போது தன் குரலைச் சுத்தமாக வெட்டி எடுத்துவிடுவார். பாடம் பார்ப்பவர்களுக்கு நான் ஏதோ யோசித்து நிறுத்தி, பிறகு இன்னும் எளிதாகச் சொல்வது போலத் தெரியும். நல்ல ஆசிரியை என்று எனக்குப் பெயர் வந்தது இப்படித்தான்.

எனக்குப் பொறுமை குறைவு. உராய்வுப் பாடத்தில் மூன்று தடவை விரலைத் தூக்கினார். மூன்றாவது தடவை, "என்ன நானா, எருமை மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி இருக்கு உங்களுக்குச் சொல்றது!" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "மழை பெய்யட்டும் மிஸ். எருமை எங்கயும் போகாது." இதை நான் தேநீர் வேளைகளில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இதை வாசிக்கும் உங்களில் சிலரும் கூடவே சிரித்திருக்கிறீர்கள்.

ஒன்பதாம் பாடம் கொதிநிலை பற்றியது. உயரமான இடத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும் என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போனேன். விரல் எழுந்தது. "தண்ணி சுருக்கா கொதிக்கிதென்டா சோறும் சுருக்கா வேகோணுமே மிஸ்? இரத்தோட்டைக்கு மேல மலையில எங்கட மாமி ஊட்டுல ரொம்ப நேரமெடுக்குதே."  நான் சொன்னேன்: அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது, அதற்கு மேல் சூடாவதில்லை, அரிசிக்கு அந்தச் சூடு போதாது, அதனால்தான் தாமதம். நானா தொடையில் தட்டினார். "அட! இப்பத்தான் வெளங்குது மிஸ்!"

அந்தக் குரல் மட்டும் வெளியான பாடத்தில் அப்படியே இருந்தது. "நானா, உங்க சத்தம் உள்ள வந்திருச்சே" என்றேன். "வெட்டிருவோம் மிஸ்" என்றார். வெட்டவில்லை. அவர் வேலையில் நான் கண்ட ஒரே பிழை அதுதான். இரண்டு தடவை ஞாபகப்படுத்திவிட்டு விட்டுவிட்டேன்.

அடக்கம் நடந்து ஒரு கிழமை கழித்து நானாவின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி, கணவரை இழந்த பெண்கள் தனித்திருக்கும் இத்தாவில், உள்ளறையில் இருந்தார். பர்ஹானா ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். என் பாடப் பிரதிகள். "ஒவ்வொரு பாடத்தையும் முந்தின நாளே கொண்டாந்து வாப்பா ரெண்டு மூணு தரம் படிப்பாங்க மிஸ். புள்ளைகளுக்கு எந்த எடம் வெளங்காதுன்டு பார்த்துப் புள்ளி போட்டு வெப்பாங்க. அங்கதான் கேக்கோணுமாம்."

ஓரங்களில் பென்சில் புள்ளிகள். உராய்வுப் பாடத்தில் மூன்று. அவருக்கு எல்லாம் முதலிலேயே விளங்கியிருக்கிறது. எங்கோ தோட்ட லயத்தில் கைத்தொலைபேசியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்காக எருமை என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு விரலைத் தூக்கியிருக்கிறார். பர்ஹானாவின் முன்னால் எனக்கு அழுகை வந்தது. வெட்கமும்தான்.

நாற்பது நாள் ஆகுமுன்பே தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. எல்லாப் பாடங்களிலும் விரிவுரையாளரின் பார்வை கொஞ்சம் கீழே விழுகிறதாம், மாணவரை நேராகப் பார்க்கவில்லையாம். மறுபடியும் எடுக்க வேண்டும். இப்போது கமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதில் எழுத்து ஓடுகிறது. புதிதாக வந்த தொழில்நுட்ப அலுவலர் நல்ல மனிதர். "லென்ஸ பாருங்க மிஸ்" என்று மட்டும் சொல்வார். முதல் பாடம் ஒரே மூச்சில் பிழையில்லாமல் முடிந்தது. விளங்கவில்லை என்று சொல்ல ஒருவரும் இல்லை. குட்டைக் கதிரையில் வயர்களைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஓர் அறையில் நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் முந்தின நாள் அந்தப் பிரதிகளை எடுத்துப் புள்ளியிட்ட இடங்களைப் பார்த்துக்கொண்டேன். அங்கெல்லாம் நானாகவே நின்று, இன்னொரு தரம் சொன்னேன். இப்படி எட்டாம் பாடம் வரை முடித்தேன். ஒன்பதாவதை விரித்தபோது கொதிநிலை வரிக்குப் பக்கத்தில் புள்ளி இல்லை. விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். தாளைத் திருப்பியும் பார்த்தேன். அழித்த தடம்கூட இல்லை. அந்த ஒரு கேள்வியை அவர் யாருக்காகவும் கேட்கவில்லை.

ஒன்பதாம் பாடத்தை மறுபடியும் எடுக்க மாட்டேன் என்று தலைமையகத்துக்கு எழுதியிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் 'பாடம் சரியாக இருக்கிறது' என்று எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. அதை அவர்கள் எடுத்துவிட்டாலும் என்னிடம் அந்தக் காணொளியின் ஒரு பிரதி இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். அதில் என் கண் கமராவைப் பார்க்கவில்லை, கொஞ்சம் கீழே பார்க்கிறது. அங்கேயிருந்து ஒருவர், தன்னைத் தவிர எல்லோருக்காகவும் கேட்ட ஒருவர், ஒரே ஒரு தடவை தனக்காகச் சந்தோஷப்படுகிறார்.

எனக்கும் இப்போதுதான் விளங்குகிறது, நானா.