ஞானபாயின் தூக்குவாளி

அருமனைப் பக்கத்தில் பிரீனாவின் அடுக்களையைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போவார்கள். சும்மா சொல்லக்கூடாது, மேடையில் ஒரு டம்ளர் கிடக்காது. மஸ்கட்டிலிருந்து புருஷன் அழைக்கும்போதெல்லாம் போனை அங்கும் இங்கும் திருப்பி அடுக்களையைக் காட்டுவாள். பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை, சபையில் பெண்கள் சங்கச் செயலாளர். இத்தனைக்கும் நடுவில் வேண்டாத சாமானை ஒழித்துக்கட்டுவதில்தான் அவளுக்குச் சந்தோஷம்.

அறுப்பின் பண்டிகை வந்தது. வாழைக்குலை, சேனை, கோழி என்று அவரவர் சபைக்குக் கொண்டுவருவதை ஏலம் விடுவார்கள். வீட்டில் புழங்காத சாமானையும் கொண்டுவரலாம் என்று இந்த வருஷம் கிளப்பிவிட்டதே பிரீனாதான். முதல் சாக்கு அவளுடையதாக இருக்க வேண்டாமா? காது போன கப்பு, மூடி தொலைந்த டப்பா, எண்ணெய்க் கம்பெனிக்காரன் இலவசமாகத் தந்த கிண்ணம் எல்லாம் சாக்குக்குள் போயின. கட்டக்கடைசியில், மேல்தட்டு மூலையிலிருந்து ஒரு தூக்குவாளி வந்தது. அடியில் 'ஞானபாய்' என்று பெயர் வெட்டியிருந்தது.

பிரீனாவுக்கு முகம் சுட்டது. ஆபரேஷன் முடிந்து எழமுடியாமல் கிடந்தபோது, அடுத்த வீட்டு ஞானபாய் தினமும் காலையில் கஞ்சியும் சிறுபயறும் கொண்டுவந்த தூக்குவாளி அது. கடைசி நாள் வந்தது அப்படியே தங்கிவிட்டது. வேலியைத் தாண்டினால் அவள் வீடு. ஆனால் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் ஊரில் கிடையாதே! அடைப்பிரதமன் பாயசம் வைத்துக் கொடுப்போம் என்று நினைத்தாள், தோதுப்படவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து போட்டுக் கொடுப்போம் என்றாள். அந்த வருஷம் முந்திரிக்கொத்தே கடையில்தான் வாங்கினாள், அதைக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. தள்ளிப்போகப் போக, இனி எந்த முகத்தோடு போவது என்றாகிவிட்டது. ஞானபாயும் கேட்கவில்லை. நோயாளிக்குக் கஞ்சி கொடுத்த பாத்திரத்தை யாராவது கேட்டு வாங்குவார்களா?

இப்போதாவது கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். சொன்னால் வெட்கக்கேடு, அவள் அதையும் சாக்கில் போட்டாள். ஞானபாய்க்கு மூட்டுவலி, ஏலத்துக்கெல்லாம் வரமாட்டாள், அடியில் இருக்கும் பெயரை யார் கவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

வராமல் இருப்பாளா? முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஏலம் விட்டவர் ரசலையன். மைக்கே வேண்டாத தொண்டை, மைக்கையும் பிடித்திருந்தார். பிரீனாவின் சாக்கிலிருந்து தூக்குவாளியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார்.

"ஞானபாயின்னு பேரு வெட்டியிருக்கே! அக்கா, பிரீனாவுக்க சாக்குல உங்களுக்க பாத்திரம் எப்பிடி வந்து?"

கூட்டம் மொத்தமும் திரும்பியது. தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது பிரீனாவுக்கு. ஞானபாய் அவளை ஒரு தடவை பார்த்தாள்.

"நான்தான் ஏலத்துக்குன்னு அவகிட்ட குடுத்து விட்டேன். நீரு ஏலத்த விடும்."

கோயில் முற்றத்தில், பண்டிகையும் அதுவுமாக, அந்த அம்மா பொய் சொன்னாள். யாருக்காக? பிரீனாவுக்காக! யார் எவ்வளவு கேட்டாலும் அதற்கு மேலே மேலே கேட்டு, பிரீனாவே தூக்குவாளியை எடுத்தாள். நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே தேங்காய் துருவிப் பால் பிழிந்து, அடைப்பிரதமன் வைத்து, தூக்குவாளி நிறைய எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினாள். வாசலில் நின்றவளுக்கு அழுகைதான் வந்தது.

"அம்மா, எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு. என்னை மன்னிக்கணும்."

"ஏட்டி பிரீனா, இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு?" என்றாள் ஞானபாய். "வெறும் பாத்திரத்த வேலிக்கு மேல நீட்டியிருந்தாலும் நான் வாங்கியிருப்பேன் மக்களே."

அந்தச் சொல் பிரீனாவின் நெஞ்சில் தைத்தது. ஞானபாய் பிரதமனைத் தன் சட்டிக்கு மாற்றினாள். தூக்குவாளியைக் கழுவித் துடைத்தாள். உள்ளே போய் அது நிறையச் சிறுபயறு அள்ளிக்கொண்டு வந்து பிரீனாவின் கையில் கொடுத்தாள்.

"இது உங்களுக்க பாத்திரமில்லா?"

"ஏலத்துல எடுத்தது நீயில்லா? இனி உனக்க பாத்திரமாக்கும். வெறும் பாத்திரமா குடுத்து விடப்பிடாது."

பிரீனா அதை அடுக்களை மேடையில் வைத்தாள். அலமாரியில் ஒளித்து வைக்கவும் மனம் வரவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் மஸ்கட்டிலிருந்து அழைப்பு வந்தது. அன்றைக்கு அவள் போனை அடுக்களைப் பக்கம் திருப்பவில்லை.