படத்தடியில் இரண்டு பெயர்கள்

கினுயோ, அசகுசா வட்டாரப் பேருந்தில் நடத்துநர். போருக்குப் போன கணவர் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் செர்ரிப் பலகையும் உளியுமாக உட்கார்ந்துவிடுவாள். அவள் சேர்ந்திருந்த மரச்செதுக்கு ஓவியக் குழுவில் ஒரே விதிதான்: வரைவது, செதுக்குவது, அச்சிடுவது மூன்றையும் ஓவியரே செய்ய வேண்டும்.

அடுத்த வீட்டுத் தமேகிச்சி பரம்பரை அச்சுக்காரன். அந்த மூன்று வேலைக்கும் மூன்று ஆட்கள் இருக்கும் பழைய பட்டறையில் சிறுவயதிலேயே சேர்ந்தவன். பொதுக் குளியல் கூடத்துக்குப் போகிற வழியில் அவளைச் சீண்டாமல் போகமாட்டான்.

"என்னக்கா, மூணு பேர் வேலையை இன்னிக்கும் தனியாவே கெடுக்கறீங்களா?"

"நீ செத்துப்போன ஓவியருங்க வரைஞ்ச படத்தையே அச்சடிச்சிக்கிட்டு இரு. போடா."

அந்தக் குளிர்காலத்தில், குழுவின் கண்காட்சி நெருங்கிய நேரத்தில், பேருந்துப் பணிமனையில் பனியில் வழுக்கி விழுந்து அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. விடியற்கால வெளிச்சத்தில் சுமிதா ஆறு தெரியும்படி அவள் செதுக்கிய பலகைகள் தயார்; ஒரு தாள்கூட அச்சாகவில்லை. இந்த வருஷம் படம் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

செய்தி கேட்டுத் தமேகிச்சி தூரிகைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான்.

"நான் அடிச்சித் தரேன்."

"குழுவுல ஒத்துக்கமாட்டாங்கடா."

"அது அப்புறம். எப்படி வேணும்னு மட்டும் சொல்லுங்க."

வானம் வழவழவென்று இருக்கக் கூடாது, மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்றாள்.

"எங்க முதலாளி பார்த்தா தாளை மூஞ்சியிலேயே வீசுவாரு" என்று சிரித்தான். ஆனாலும் அவள் தலையசைக்கும்வரை தாள் மாற்றி மாற்றி அச்சிட்டான். ஆற்றோரத்தில் மட்டும் அனுமதி கேட்டு, ஈரத் தூரிகையால் பலகையின் நீலச் சாயத்தைக் கரைத்துக் கரைத்து ஒன்றுமில்லாமல் ஆக்கினான். முதல் பேருந்திலிருந்து அவள் தினமும் பார்க்கிற வெளிச்சம் அப்படியே தாளில் இருந்தது. கினுயோ இடது கையால் தேநீர் ஊற்றி அவன் முன் வைத்தாள்.

"உங்க பேரை மட்டும் போடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார், கண்காட்சிக்குக் கொண்டுபோன படத்தைப் பார்த்த குழுத் தலைவர்.

"எனக்குத் தெரியுமே. வேணாம்னா படத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க. அவன் பேரை அழிக்கமாட்டேன்."

படத்தடியில் இடது கையால் கோணல்மாணலாக அவளே எழுதிய இரு பெயர்களையும் அவர் சற்று நேரம் பார்த்தார். பிறகு படத்தைக் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார்.

தமேகிச்சி தேய்த்த கோட்டு போட்டுக்கொண்டு வந்து அங்கேயே வெகுநேரம் நின்றான். இத்தனை வருஷத்தில் அவன் அச்சிட்ட எந்தப் படத்திலும் அவன் பெயர் இருந்ததில்லை. அவன் குனிந்து வணங்கினான். அவள் அதைவிடத் தாழக் குனிந்தாள்.

கை தேறிய பிறகும் அவள் தனியாக அச்சிடவில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் இருவரும் சண்டை போட்டார்கள். புத்தாண்டன்று அவள் செய்யும் மொச்சி அரிசிப் பலகாரத்தில் முதல் கிண்ணம் அவன் வீட்டுக்குத்தான் போகும்.